வேலையிழப்புத் தொகையும் ஆறு மாத நடையும்

அமெரிக்காவில் வேலையிழந்தவருக்கு மாநில அரசு வாராவாரம் ஒரு தொகை தருகிறது. பெரும்பாலான மாநிலங்களில் அது அதிகபட்சம் 26 வாரங்களுக்குக் கிடைக்கும். அதே நாட்டில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியில் முடியும் அப்பலாச்சியன் பாதையை ஒரே பயணமாக நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதம் ஆகிறது. இரண்டு கால அளவுகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அதனாலேயே, வேலை போன கையோடு மலைக்குக் கிளம்புகிறவர்களிடையே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: நடந்துகொண்டே அந்தத் தொகையை வாங்கலாமா? கூடாது என்பதுதான் பொதுவாகச் சட்டம் சொல்லும் பதில். ஏன் கூடாது, இரண்டையும் நேர்மையாக அனுபவிக்க வழி உண்டா என்பதை அறிய அந்தக் காப்பீட்டின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும்.

இத்தகைய நெடும்பாதை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பயணமாக நடப்பதை அங்கே 'த்ரூ ஹைக்' என்கிறார்கள். அப்பலாச்சியன் பாதை பெண்டன் மக்கே என்பவர் 1921இல் முன்வைத்த யோசனை. 1937இல் பாதை முழுமையடைந்தது. அதை முழுவதுமாக ஒரே மூச்சில் நடந்ததாக முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அவர் 1948இல் நடந்தார். பாதையின் நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர், 14 மாநிலங்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைவிட அது சற்றே குறைவு. மேற்குக் கரையில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை செல்லும் பசிபிக் கிரெஸ்ட் பாதை அந்த நெடுஞ்சாலையையும் மிஞ்சும்: 4,265 கிலோமீட்டர்.

நடப்பது இலவசம்போலத் தோன்றினாலும் செலவு கணிசமானது. நான்கைந்து ஜோடி காலணி தேயும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை வழியிலுள்ள ஊரில் இறங்கி உணவு வாங்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், சில இரவுகள் விடுதியில் தங்கவும் நேரும். மாதத்துக்கு ஆயிரம் டாலராவது வேண்டும் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. அதைவிடக் கிடைக்க அரிதானது காலம். ஆறு மாத விடுப்பு தரும் முதலாளி அங்கே அபூர்வம். ஆகவே படிப்பை முடித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ராணுவத்திலிருந்து வெளிவந்தவர்கள், பனிச்சறுக்கு விடுதிகள் போன்ற பருவகால வேலைகளில் இருப்பவர்கள் ஆகியோரே பெரும்பாலும் பாதைக்கு வருகிறார்கள். வேலையிழந்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. பல ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த நடைக்கு, கேட்காமலே காலம் கிடைத்துவிட்ட நிலை அவர்களுடையது.

வேலையிழப்புத் தொகை என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருக்கும் இளைஞர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை நினைவுக்கு வரலாம். அமெரிக்கத் திட்டம் அப்படிப்பட்டதன்று. அது காப்பீடு. விஸ்கான்சின் மாநிலம் 1932இல் முதல் சட்டம் இயற்றியது. பெருமந்தத்தின் நடுவே 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுவதற்குமான ஏற்பாடாக்கியது. மத்திய அரசு சட்டகம் வகுக்கிறது. தொகை, வாரங்கள், விதிகள் ஆகியவற்றை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. அதனால் வேறுபாடுகள் மிகப் பெரிது. மிசிசிப்பியில் வாரத்துக்கு அதிகபட்சம் 235 டாலர், கலிபோர்னியாவில் 450, மாசசூசெட்ஸில் ஆயிரத்துக்கும் மேல். ஃபுளோரிடாவில் வேலையின்மை குறைவாக இருக்கும் காலத்தில் 12 வாரத்தோடு நின்றுவிடும்.

'இது என் சம்பளத்தில் பிடித்த பணம், அதை எங்கிருந்து வாங்கினால் என்ன' என்பது நடப்பவர்களிடையே அடிக்கடி கேட்கும் வாதம். உண்மை வேறு. அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டுமே தொழிலாளியின் சம்பளத்திலும் பிடித்தம் உண்டு. மற்ற இடங்களில் முழு வரியையும் முதலாளிதான் கட்டுகிறார். தன் நிறுவனத்திலிருந்து எத்தனை பேர் இந்தத் தொகையைப் பெறுகிறார்கள் என்பதைப் பொறுத்து முதலாளியின் மாநில வரி விகிதம் ஏறும், இறங்கும். அதனால் தகுதியில்லாத விண்ணப்பத்தை எதிர்த்து வாதிட முதலாளிக்கும் காரணம் இருக்கிறது. முதலாளியின் வரிச்சுமை கடைசியில் ஊதியத்தைக் குறைப்பதாகத்தான் முடியும் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் சொல்வதுண்டு. அப்படியே ஏற்றாலும், காப்பீட்டுக்குக் கட்டிய சந்தா சேமிப்புக் கணக்கில் போட்ட பணம் ஆகிவிடாது.

தகுதி இரண்டு படிகளில் தீர்மானமாகிறது. முதல் படியைப் பெரும்பாலோர் அறிவார்கள்: போதிய காலம் வேலை பார்த்து ஊதியம் ஈட்டியிருக்க வேண்டும், தன் தவறின்றி வேலை போயிருக்க வேண்டும். பாதையில் நடப்பதற்காகவே வேலையை விட்டவர் இங்கேயே நின்றுவிடுவார். கோடை விடுமுறையில் நடக்கும் பள்ளி ஆசிரியரும் அப்படித்தான். அடுத்த கல்வியாண்டிலும் வேலை உண்டு என்ற நியாயமான உறுதி இருக்கும்வரை இரண்டு கல்வியாண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்துக்கு அவருக்குத் தொகை இல்லை.

பலரும் கவனிக்கத் தவறுவது இரண்டாம் படியை. முதல் தகுதி கிடைத்துவிட்டால் 26 வாரப் பணமும் தனக்கு உரியதாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு வாரமும் தனித்தனியே மதிப்பிடப்படுகிறது. அந்த வாரத்தில் விண்ணப்பதாரர் வேலை செய்யும் உடல்நிலையில் இருந்தாரா, வேலைக்குப் போகத் தயாராக இருந்தாரா, முனைந்து வேலை தேடினாரா என்ற மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அந்த வாரத்துக்குரிய தொகை. மாநிலங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த இந்த மூன்றையும் 2012இல் மத்தியச் சட்டமே கட்டாயமாக்கியது. வேலை போனதற்காகத் தரும் இழப்பீடாக இந்தப் பணத்தைப் பார்ப்பதுதான் குழப்பத்தின் வேர். வேலைச் சந்தையில் நிற்கிறார், ஆனாலும் வேலை கிடைக்கவில்லை என்ற நிலைக்குத்தான் இந்தப் பணம். சந்தையை விட்டு விலகிய வாரத்துக்குக் காப்பீடு இல்லை.

நடைமுறையில் இது வாரந்தோறும் இணையத்திலோ தொலைபேசியிலோ பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்விப் பட்டியல். வேலை கிடைத்திருந்தால் ஏற்றிருப்பீர்களா? எந்த வேலையையாவது மறுத்தீர்களா? ஏதாவது சம்பாதித்தீர்களா? சில மாநிலங்கள் வசிக்கும் பகுதியை விட்டு வெளியே சென்றீர்களா என்றும் நேரடியாகவே கேட்கின்றன. வேலை தேடியதற்கான கணக்கும் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் வாரத்துக்கு இரண்டு வேலை விண்ணப்பங்களும், அதோடு வேலை தேடும் செயல் ஒன்றும் வேண்டும். ஃபுளோரிடாவில் பொதுவாக ஐந்து முதலாளிகளைத் தொடர்புகொண்டிருக்க வேண்டும். தரும் பதில்கள் உண்மை என்று உறுதிமொழி கூறியே படிவத்தை அனுப்ப முடியும்.

இந்தக் கேள்விகளைப் பாதையில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். மெய்ன் மாநிலத்தில், கட்டாடினை அடைவதற்கு முன், மான்சன் என்ற சிற்றூருக்கும் ஏபல் பாலத்துக்கும் இடையே நூறு மைல் காடு இருக்கிறது. 'நூறு மைல் வனாந்தரம்' என்பதே அதன் பெயர். நடுவில் கடை இல்லை, ஊர் இல்லை. கைப்பேசிச் சமிக்ஞை பெரும்பாலும் கிடைக்காது. ஒரு வாரத்துக்கான உணவை முதுகில் சுமந்துகொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அந்த வாரம் ஒரு முதலாளி அழைத்தால் அழைப்பு போய்ச் சேராது. சேர்ந்தாலும் சாலைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று அங்கிருந்து எவராலும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் பசிபிக் கிரெஸ்ட் பாதை செல்லும் பகுதியும் இதே வகை. பாதையின் அழகே இந்தத் தொடர்பின்மைதான். அதற்காகத்தான் மக்கள் அங்கே போகிறார்கள். காப்பீடு கேட்பதோ அதற்கு நேர் எதிரானது.

எல்லாப் பகுதியும் இவ்வளவு ஒதுங்கியதல்ல என்பதும் உண்மை. வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் போன்ற ஊர்களில் பாதை கடைத்தெருவின் ஊடாகவே செல்கிறது. அங்கே ஒரு நாள் நடக்காமல் தங்கி ஓய்வெடுப்பதை 'ஜீரோ டே' என்பார்கள். அந்த நாளில் நூலகக் கணினியில் உட்கார்ந்து ஐந்து விண்ணப்பங்களை அனுப்பிவிடலாமே, இப்போது நேர்காணலே காணொளியில்தானே நடக்கிறது என்பது இரண்டாவது வாதம். மென்பொருள் போன்ற துறைகளில் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலைகள் பெருகிய பின் இதற்கு வலுக்கூடியிருக்கிறது. ஆனால் விண்ணப்பம் அனுப்புவது மூன்றில் ஒரு நிபந்தனையை மட்டுமே நிறைவேற்றும். மற்றொன்று, வேலை கிடைத்தால் உடனே ஏற்கும் நிலையில் இருப்பது. கட்டாடினைத் தொட்ட பிறகு, செப்டம்பரில் சேர்கிறேன் என்று மனதுக்குள் முடிவெடுத்தவர் ஏப்ரலில் எத்தனை விண்ணப்பம் அனுப்பினாலும் அந்த நிபந்தனை நிறைவேறாது. வேலை அழைத்தால் மறுநாளே பாதையை விட்டு இறங்கிவிடுவேன் என்று உண்மையாகவே எண்ணி, சாலைக்கு அருகிலேயே நடந்து, தினமும் தொடர்பில் இருப்பவரின் நிலை வாதிடத்தக்கது. அவரும் அந்த விவரத்தை மறைக்காமல் மாநில அலுவலகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதில் வாங்கி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

வேலை தேடுவதிலிருந்து விலக்குப் பெற்றவர்களும் உண்டு. குறிப்பிட்ட தேதியில் திரும்ப அழைப்போம் என்று சொல்லித் தற்காலிகமாக நிறுத்தப்பட்டவர்களுக்கும், தொழிற்சங்கத்தின் மூலமே வேலை பெறுகிறவர்களுக்கும் பல மாநிலங்கள் அந்தச் சலுகையைத் தருகின்றன. பனிச்சறுக்கு விடுதி மூடியதும் பாதைக்கு வரும் பருவத் தொழிலாளர்களில் சிலர் இதை முழு விடுதலையாக எடுத்துக்கொள்கிறார்கள். தேட வேண்டாம் என்பதுதான் விலக்கு. தயாராக இருக்க வேண்டாம் என்பதல்ல. முன்கூட்டியே கூப்பிட்டால் போக வேண்டும்.

இன்னொரு இடர் தபாலில் வருகிறது. தொகை பெறுகிறவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து வேலை தேடலுக்கு வழிகாட்டவும் தகுதியைச் சரிபார்க்கவும் மாநிலங்கள் அழைக்கின்றன. போகாவிட்டால் பணம் நிற்கும். தகுதி மறுப்பு முடிவுகளும் வீட்டு முகவரிக்கே வரும். மேல்முறையீட்டுக்குப் பல மாநிலங்களில் சில வார அவகாசமே உண்டு. மலையில் இருப்பவர் கடிதத்தைப் பார்க்கும்போது கெடு முடிந்திருக்கும். கணுக்கால் பிசகிப் படுத்தவருக்கும் சிக்கல்தான்: நின்று செய்யும் தொழில் அவருடையது என்றால், அந்த வாரங்களில் வேலை செய்யும் உடல்நிலையில் இருந்ததாக அவர் எழுத முடியாது.

2020ஆம் ஆண்டு இந்த விதிகளைப் பற்றிய பொதுப் புரிதலைக் கலைத்துப் போட்டது. கொரோனா பரவிய அந்த ஏப்ரலில் அமெரிக்க வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. மார்ச் 27இல் நிறைவேறிய கேர்ஸ் சட்டம் வழக்கமான தொகைக்கு மேல் வாரத்துக்கு 600 டாலர் சேர்த்தது. ஜூலை இறுதிவரை அது கிடைத்தது. பின்னர் 2020 டிசம்பர் இறுதியில் 300 டாலராகத் திரும்பி வந்து 2021 செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்தது. பாதியளவு மாநிலங்கள் அதற்கு முன்பே நிறுத்திவிட்டன. வேலை தேட வேண்டும் என்ற நிபந்தனையை மாநிலங்கள் தளர்த்தின. 2020 வசந்தத்தில் பாதைகளைப் பராமரிக்கும் அமைப்புகளே நடப்பவர்களை வீடு திரும்பச் சொன்னதால் பலருக்கு நடை நடுவில் முறிந்தது. ஆனால் விதி தளர்ந்த நினைவு மட்டும் தங்கிவிட்டது. வீட்டிலிருந்தபடி பணம் வந்ததே, கூடாரத்திலிருந்து வாங்கினால் என்ன என்ற எண்ணத்துக்கு அந்த ஆண்டுகள் இடம் கொடுத்தன. தளர்ந்தது தேடல் நிபந்தனை. வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்ற அடிப்படை அப்போதும் முற்றாக நீங்கவில்லை. பின்னர் மாநிலங்கள் தேடல் நிபந்தனையையும் மீண்டும் கொண்டுவந்தன.

பொய்யாகச் சான்றளித்தது தெரிந்தால் என்ன ஆகும்? பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். மோசடி என்று தீர்மானமானால் அதன் மேல் குறைந்தது 15 சதவீத அபராதம் விதிக்க மத்தியச் சட்டம் மாநிலங்களைக் கட்டாயப்படுத்துகிறது. பல மாநிலங்கள் அதற்கு மேலும் விதிக்கின்றன. வாரம் 400 டாலர் வீதம் 20 வாரம் வாங்கியவர் 8,000 டாலரோடு 1,200 டாலர் அபராதத்தையும் சேர்த்து 9,200 கட்ட நேரும். கட்டாவிட்டால் மத்திய வருமான வரியில் திரும்ப வரவேண்டிய பணத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். எதிர்காலத்தில் உண்மையாகவே வேலை போகும்போது சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ தொகை மறுக்கப்படலாம். குற்ற வழக்கும் வரலாம். வாரப் படிவம் எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்பது பதிவாகிறது. அதைவிட வெளிப்படையான சான்று நடப்பவர்கள் தாமே சமூக ஊடகத்தில் தேதியோடு ஏற்றும் மலையுச்சிப் படங்கள்.

மற்ற நாடுகள் இதே கேள்விக்கு வேறு விடை கண்டிருக்கின்றன. ஜெர்மனியில் வேலையிழப்புத் தொகை பெறுகிறவர் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலோடு ஆண்டுக்கு மூன்று வாரம் வரை வெளியூர் செல்லலாம், தொகை நிற்காது. பிரான்சில் முறையாக அறிவித்துவிட்டு ஆண்டுக்கு 35 நாள் வரை வெளியே இருக்கலாம். பிரான்சின் சான் ஜான் பியே த போர் என்ற ஊரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ வரை நீளும் புகழ்பெற்ற யாத்திரைப் பாதையின் தூரம் சுமார் 780 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஏறக்குறைய அதே ஐந்து வாரம். வேலை தேடுவதும் ஓய்வு வேண்டியிருக்கும் ஓர் உழைப்புத்தான் என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. அமெரிக்க விதிகளில் இத்தகைய இடைவெளி இல்லாதது ஒரு குறையே. பத்து ஆண்டு உழைத்து வேலையிழந்தவருக்கு மூன்று வாரம் அனுமதித்தால் காப்பீட்டு நிதி ஒன்றும் கரைந்துவிடாது. ஆனால் இந்த நாடுகளிலும் ஆறு மாதத்துக்கு அனுமதி இல்லை.

அமெரிக்காவில் பணிபுரியும் தமிழர்களில் எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவில் வருகிறது. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு முதலாளியையோ வேறு விசா வகையையோ தேட வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அவர்களுடைய வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைந்தது என்பதால், எந்த வேலையையும் ஏற்கத் தயார் என்று சொல்ல முடியாதவர்களாகவே பெரும்பாலான மாநிலங்கள் அவர்களைக் கருதித் தொகையை மறுக்கின்றன. அவர்களுக்காகவும் முதலாளி அதே வரியைக் கட்டியிருக்கிறார் என்பதை நினைத்தால் இது கடுமையானது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மற்றவர்களுக்குள்ள அதே நிபந்தனைகள்தான்.

நேர்மையான வழி, காலத்தைச் சரியாகக் கணக்கிடுவதில் இருக்கிறது. வேலையிலிருந்து விலக்கும்போது நிறுவனம் தரும் பணிமுடிவுத் தொகையும் சேமிப்பும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிராத சொந்தப் பணம், நடைக்கு அவை. காப்பீட்டைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம். அதற்கு இரு முறைகள் உண்டு. ஒன்று, வேலை போனதுமே விண்ணப்பித்துத் தகுதியைப் பதிந்துவிட்டு, நடக்கும் வாரங்களில் சான்றளிக்காமல் விட்டுவிடுவது. வாங்காத வாரங்கள் அழிந்துபோவதில்லை, ஆனால் விண்ணப்பித்த நாளிலிருந்து 52 வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பிப்ரவரியில் விண்ணப்பித்து, மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்து, அக்டோபரில் விண்ணப்பத்தை மீண்டும் திறப்பவருக்கு அந்த 52 வாரம் முடிய ஏறக்குறைய நான்கு மாதம் மிச்சமிருக்கும்.

மற்றொன்று, திரும்பிய பிறகே விண்ணப்பிப்பது. தொகையைக் கணக்கிடப் பொதுவாக முடிந்துபோன கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கின் ஊதியத்தைப் பார்க்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வேலையிழந்து அக்டோபரில் விண்ணப்பித்தவருக்கு 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஊதியமே கணக்கில் வரும். அதில் கடைசிக் காலாண்டு வெறுமை, அதற்கு முந்தையதில் இரண்டு மாத ஊதியமே இருக்கும். ஆண்டு ஊதியத்தை வைத்துக் கணக்கிடும் மாநிலத்தில் இதனால் தொகை குறையும். அதிக ஊதியம் பெற்ற காலாண்டை மட்டும் பார்க்கும் மாநிலத்தில் பெரிதாக மாறாது. எந்த முறை தனக்குப் பொருந்தும் என்பதைப் புறப்படும் முன்பே தன் மாநிலத்தின் விதியைப் படித்து முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தை மீண்டும் திறக்கும்போது இடைப்பட்ட மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நடைப்பயணத்தில் இருந்தேன், அந்த வாரங்களுக்குத் தொகை கோரவில்லை, இப்போது ஊரில் இருக்கிறேன், வேலைக்குத் தயார் என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம்.